உப்பளத்து வெயிலில் உடம்பின் தண்ணீர்

தூத்துக்குடியில் உப்பு விளைய வெயில் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். பாத்தியில் தேங்கிய உவர்நீரின் மேல் வறண்ட காற்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் நீர் ஆவியாகி உப்பு படியும். காற்றில் ஈரம் ஏறிய நாளில் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் விளைச்சல் மந்தம்தான். அந்தப் பாத்தியிலிருந்து வாரிய உப்பைத் தலைச்சுமையாகக் கரையேற்றும் பெண்ணின் தோலிலும் இதே வேலைதான் நடக்கிறது. உள்ளிருந்து உவர்நீர் ஊறுகிறது, காற்று நீரை எடுத்துப் போகிறது, உப்பு தோலில் தங்குகிறது. சேலைக்கு மேல் அவர் போட்டிருக்கும் சட்டையின் முதுகில் மதியத்துக்குள் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். அதில் பாத்தி உப்பு எவ்வளவு, உடம்பு உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. சுமை தூக்கும்போது அது 400, 500 வாட்டாக ஏறும். தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூடு துளியும் வெளியேறவில்லை என்று வைத்துக்கொண்டால், 55 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பம் எட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். 37இல் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் 40ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் மூளை தடுமாறத் தொடங்கும்.

காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை சூடு தானாகவே வெளியே கசியும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைத் தாண்டிவிட்டால் ஓட்டம் தலைகீழாகி, வெளியே இருக்கும் சூடு உள்ளே வர ஆரம்பிக்கிறது. தலைக்கு மேல் வெயில், கீழே கண்ணைப் பறிக்கும் வெள்ளை உப்பின் எதிரொளி. இந்த நிலையில் உடம்புக்கு மிஞ்சியிருக்கும் வழி ஒன்றே ஒன்று, தண்ணீரை ஆவியாக்குவது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுக்க ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஒன்றரை மணி நேரக் கடும் உழைப்பின் சூடு அது. ஆனால் ஆவியாக வேண்டும். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழுந்த துளியால் குளிர்ச்சி கிடைப்பதில்லை, தண்ணீர்தான் வீணாகிறது. கடற்கரை ஊர்களின் புழுக்கம் உள்நாட்டு வெயிலைவிட ஆளை வாட்டுவது இதனால்தான். சொட்டி வீணாகும் நீரையும் வெயிலின் சூட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், உச்சிவேளையில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை என்பது சாதாரண அளவு. ஒன்றரை லிட்டரும் அபூர்வமில்லை.

இந்தத் தண்ணீருக்கென்று உடம்பில் தனியாக ஒரு சேமிப்பு கிடையாது. ஒருவரின் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலுக்குள் சுருண்டு கிடக்கும் மெல்லிய குழாய். அவை எடுப்பது இரத்தத்தின் நீர்ப்பகுதியை. அது மொத்தமே சுமார் 3 லிட்டர்தான். அதே நேரத்தில் தசைக்கும் இரத்தம் வேண்டும், சூட்டை வெளியே கொண்டுவரத் தோலுக்கும் இரத்தம் வேண்டும். அளவு குறையக் குறைய இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் குறைந்தாலே, அதாவது 55 கிலோ ஆளுக்கு ஒரு லிட்டரும் கொஞ்சமும் போனாலே, அதே சுமை கூடுதலாகக் கனக்கத் தொடங்கும்.

சுருண்ட குழாயின் அடியில் முதலில் ஊறும் நீர் ஏறக்குறைய இரத்த நீரின் அளவுக்கே உப்பானது. அது மேலே ஏறிவரும் வழியிலேயே குழாயின் சுவர் உப்பைத் திரும்ப உறிஞ்சி உடம்புக்குக் கொடுத்துவிடுகிறது. வெயிலுக்குப் பழகாதவர் உடம்பில் இந்த மீட்பு அரைகுறையாக நடக்கும். ஒன்று, இரண்டு வாரம் தொடர்ந்து வெயிலில் உழைத்தால் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் குழாய் தேறிவிடும். அவருடைய வியர்வையில் உப்பு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கலாம். கூடவே வியர்வை சீக்கிரமாகத் தொடங்கும், அதிகமாகவும் வரும். இரத்தத்தின் நீரளவும் கூடும். 15 நாளில், எந்த மருந்தும் இல்லாமல், உடம்பு தன்னைத்தானே மாற்றிக் கட்டிக்கொள்கிறது. மனித உடலைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிகம் வியக்கவைத்த செய்திகளில் இது ஒன்று.

இந்த 15 நாளுக்குள் ஆபத்தும் இருக்கிறது. வெயிலில் வேலை செய்து இறந்தவர்களைப் பற்றிய அமெரிக்கப் பதிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறந்திருக்கிறார்கள். அதனால் புதிய ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுவது என்று அங்கே பரிந்துரைக்கிறார்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் கட்டடத் தொழிலாளியும் இந்தக் கணக்கில் புது ஆள்தான். வெயிலை விட்டு விலகியிருந்தால் பழக்கம் சில வாரங்களில் கலைந்துவிடும்.

பழகிய உடம்புக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவங்களிலும் இந்த நம்பிக்கை இருந்தது. தண்ணீரைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தால் வீரர்கள் பாலைவனத்துக்குப் பழகிவிடுவார்கள் என்று நினைத்தார்கள். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃப் கலிபோர்னியப் பாலைவனத்தில் ராணுவ வீரர்களை நடக்கவிட்டு, குடித்ததையும் வியர்த்ததையும் எடைபோட்டுப் பார்த்தார். தண்ணீர் இல்லாமல் வாழ உடம்பைப் பழக்க முடியாது என்று அவர் காட்டினார். பழகியவர் முன்னைவிட அதிகம் வியர்க்கிறார், எனவே அதிகம் குடிக்கவும் வேண்டும். 1947இல் அவர் குழு வெளியிட்ட புத்தகத்தில் இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. பக்கத்திலேயே வேண்டிய தண்ணீர் இருந்தும், நடந்துகொண்டிருக்கும்போது வீரர்கள் இழந்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகுதான் மிச்சத்தை ஈடுகட்டினார்கள். தாகம் இழப்புக்குப் பின்னால்தான் வருகிறது, போகும்போதோ முந்திக்கொண்டு போய்விடுகிறது.

ஏன் முந்திப் போகிறது என்பது அண்மையில்தான் துலங்கியது. இரத்தம் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு அடர்ந்தாலே மூளையின் அடியில் சில நரம்பணுக்கள் விழித்துத் தாகத்தை எழுப்பும். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸக்கரி நைட் குழுவினர் எலிகளின் மூளையில் இந்த அணுக்களை நேரடியாகக் கவனித்து 2016இல் எழுதினார்கள். தாகமான எலி தண்ணீரில் வாய் வைத்த ஓரிரு நிமிடத்திலேயே அணுக்கள் அடங்கிவிட்டன. குடித்த நீர் இரத்தத்துக்குப் போய்ச் சேர அதைவிட நெடுநேரம் ஆகும். வாயும் தொண்டையும் அனுப்பும் செய்தியை நம்பி, மூளை கணக்கை முன்கூட்டியே முடித்துவிடுகிறது. நீர் சில்லென்று இருந்தால் இன்னும் வேகமாக அடங்குகிறது. 2019இல் அதே குழு இரண்டாவது செய்தி ஒன்றையும் கண்டது. உப்புநீரைக் குடித்த எலியின் மூளையில் அணுக்கள் முதலில் அடங்கி, பிறகு மறுபடி விழித்தன. உள்ளே வந்தது என்ன என்று குடல் சுவைபார்த்துச் சொல்லியிருக்கிறது. மனிதரிலும் ஏறக்குறைய இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டால், வெயிலில் வந்தவர் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் 'அப்பாடா' என்று வைத்துவிட்டுப் போவதற்கு அர்த்தம் தெரிகிறது. தாகம் தணிந்திருக்கிறது, பற்றாக்குறை அப்படியே இருக்கிறது.

இனி உப்பு. ஒரு லிட்டர் வியர்வையோடு, பழகாத உடம்பிலிருந்து 2 கிராமுக்கும் மேல் உப்பு போகலாம். இந்த இழப்பைச் சுரங்கத் தொழிலாளர்கள் உடம்பால் அறிந்தார்கள். இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வியர்த்து, வயிறுமுட்டத் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கை, கால், வயிற்றுத் தசைகள் முறுக்கிப் பிடித்துக்கொண்டன. கப்பல்களின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களுக்கும் இதே நோவு. விஷவாயுவைக் கண்டறியச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோகச் சொன்ன ஜே.எஸ். ஹால்டேன் இதை ஆராய்ந்தார். 1923இல் நெவில் மாஸ் என்பவர் தண்ணீரில் சிறிதளவு உப்பைக் கரைத்துக் கொடுத்தால் பிடிப்பு விலகுகிறது என்று எழுதினார். தண்ணீர் குறைந்ததால் வந்த நோயல்ல அது. உப்பு போன இடத்தில் வெறும் தண்ணீர் நிரம்பியதால் வந்தது.

இந்தப் பாடம் கடல் தாண்டிப் போக நாளானது. 1931 கோடையில் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை கட்டத் தொடங்கினார்கள். பாறைப் பள்ளத்தாக்கில் நிழலிலேயே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியது. வேலையில்லாக் காலம், ஒருவர் விழுந்தால் அந்த இடத்துக்கு நூறு பேர் காத்திருந்தார்கள். ஒரே மாதத்தில் பத்துப் பேருக்கும் மேல் வெயிலுக்குப் பலியானார்கள். அடுத்த கோடையில் ஹார்வர்டின் களைப்பு ஆய்வகத்திலிருந்து டேவிட் புரூஸ் டில் குழுவினர் அங்கே வந்து தங்கினார்கள். தொழிலாளர்களின் வியர்வையையும் சிறுநீரையும் சோதித்தார்கள். உப்பு பற்றாக்குறையும் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கிறது என்று கண்டார்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று உணவுக்கூடத்தில் மாட்டியிருந்த பலகையில், சாப்பாட்டில் உப்பும் தாராளமாகச் சேருங்கள் என்ற வரி பிறகு சேர்ந்தது.

குடித்த நீர் குடலிலிருந்து உடம்புக்குள் எப்படிப் போகிறது? 1960இல் பிராகில் நடந்த கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. அதில் உப்பிலுள்ள சோடியம் தனியே நுழையாது, குளுக்கோஸும் தனியே நுழையாது. இரண்டும் கைகோத்து வந்தால்தான் கதவு சுழலும். இரண்டு சோடியத்தோடு ஒரு குளுக்கோஸ் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். இந்த ஒற்றைக் கதவின் மேல்தான் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் நிற்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, எல்லைப்புற ஊரான பன்காவில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை டிரம்களில் வைத்து, உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 ஆக இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. காலராவில் குடல் வழியாகவும் வெயிலில் தோல் வழியாகவும் நீர் போகிறது. திரும்பி உள்ளே வரும் வாசல் இரண்டுக்கும் ஒன்றே.

குளுக்கோஸாக உடையும் மாவுப்பொருளும் இங்கே உதவும். அரிசி மாவை வைத்துச் செய்த ஓ.ஆர்.எஸ். காலரா நோயாளிகளிடம் நன்றாகவே வேலை செய்தது. உப்புப் போட்ட நீராகாரமும் கேழ்வரகுக் கூழும் காலையில் குடித்துவிட்டு வேலைக்கு இறங்குகிறவர், நீர், உப்பு, மாவு மூன்றையும் அந்த வாசலுக்குச் சேர்த்தே அனுப்புகிறார். மோரில் உள்ள பால் சர்க்கரை குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைகிறது. காலக்டோஸும் அதே கதவைச் சுழற்றக்கூடியது. உப்பு சேர்ந்த நீரில் இன்னொரு நன்மையும் உண்டு. வெறும் நீர் இரத்தத்தைச் சட்டென்று நீர்க்கச் செய்வதால், பற்றாக்குறை தீருமுன்பே தாகம் அடங்கி, சிறுநீரகமும் மிச்சத்தை வெளியேற்றத் தொடங்கிவிடும். உப்பு இருந்தால் நீர் தங்கும், தாகமும் இன்னும் கொஞ்சம் குடி என்று கேட்டுக்கொண்டிருக்கும். இளநீரில் பொட்டாசியம்தான் மிகுதி, வியர்வையில் போகும் சோடியத்தை அது முழுக்க ஈடுகட்டாது. கூடவே ஒரு வாய் ஊறுகாய் சாப்பிட்டால் சரியாகிவிடும். டீ குடித்தால் உடம்பு வற்றிவிடும் என்பது பெரிதும் மிகைப்படுத்திய பேச்சு. மது நிச்சயம் வற்றவைக்கும்.

உப்பைப் பற்றி இவ்வளவு சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இது மணிக்கணக்கில் வியர்ப்பவரின் கணக்கு. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிப்பவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைதான் பொருந்தும். உழைப்பவரிலும் வேளாவேளைக்குச் சாப்பிடுபவருக்குப் பெரும்பாலும் சாப்பாட்டு உப்பே போதும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்டக் கூடாது.

தண்ணீரும் அளவு மீறலாம். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தை எல்லைக்கோட்டில் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் ஆபத்தான அளவை நோக்கி இறங்கியிருந்தது. ஓடி முடித்தபோது ஓடத் தொடங்கியதைவிட எடை கூடியிருந்தவர்களிடம் இது அதிகம். அந்த நிலை முற்றினால் மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் வெயில் மயக்கத்தின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் புகட்டினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே தொழில் சுகாதார வல்லுநர்கள் சொல்வது, 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கால் லிட்டர் அளவில் ஒரு டம்ளர், மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம் என்பது. இரைப்பை குடலுக்குள் இறக்கிவிடும் வேகமும் அவ்வளவுதான். காலையிலும் வேலை முடிந்தும் எடை பார்த்தால் குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாக்கி. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது தாகத்தைத் தாண்டிய விஷயம், தசை சிதைந்திருக்கலாம், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீரகம்தான் இந்தக் கதையில் சத்தமில்லாமல் அடிவாங்குகிறது. ஓய்வில் இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. வெயிலில் உழைக்கும்போது தசையும் தோலும் அதைப் பிடுங்கிக்கொள்கின்றன. ஒருநாள் என்றால் தேறிவிடும். ஆண்டுக்கு ஆறு மாதம், இருபது வயதிலிருந்து என்றால்? எல் சால்வடாரிலும் நிகரகுவாவிலும் கரும்பு வெட்டும் இளைஞர்கள், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாமலே, சிறுநீரகம் செயலிழந்து இறப்பதை 2000க்குப் பிறகு மருத்துவர்கள் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். வேறு காரணங்களும் சேர்ந்திருக்குமா என்ற விவாதம் தொடர்கிறது. வெப்பமும் நீரிழப்பும் முன்னணியில் நிற்கின்றன.

எல் சால்வடாரில் 2014–15 அறுவடையில் ஒரு முயற்சி நடந்தது. முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை, வயலோடு நகரும் நிழற்குடை, நேரம் வைத்த ஓய்வு, கை நோகாத வெட்டுக்கத்தி. தண்ணீர் குடிப்பது நான்கில் ஒரு பங்கு கூடியது. ஒரு குழுவில் ஆளுக்கு நாளைக்கு 5.1 டன்னாக இருந்த வெட்டு 7.3 டன்னாக உயர்ந்தது. ஓய்வு கொடுத்தால் வேலை கெடும் என்று பயப்படும் முதலாளிகளுக்கு இந்த எண்ணை எழுதிக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நம் பக்கம் வருவோம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். காற்றின் சூடு, ஈரம், வெயிலின் வீச்சு மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவியின் கணக்கில், கடும் உழைப்புக்குச் சர்வதேசத் தரம் அனுமதிக்கும் உச்ச அளவு சுமார் 26 டிகிரிதான். பத்தில் ஒன்பது பேர் வரையறுத்த அளவை மீறிய சூட்டில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. உப்பளங்களில் கழிப்பறை இல்லாத நிலையும் அந்தக் குழுவின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

உப்பளம் வெட்டவெளி. ஒரு மரமில்லை, மறைவில்லை. ஒதுங்க இடமில்லாத பெண் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார், சிலர் காலையிலிருந்து வேலை முடியும்வரை குடிப்பதே இல்லை. அடக்கிவைப்பதால் நீர்க்கடுப்பும் தொற்றும் வருகின்றன. 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்ற அறிவுரை இவர்களுக்குத் தெரியாததால் நேர்வதில்லை இது. குடித்தால் எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் நேர்கிறது. சுமைக் கணக்கில் கூலி என்றால் தூரமாக நடந்து ஒதுங்கிவரும் நேரத்துக்கும் காசு போகும்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், 1961இல் பம்பாய் உப்பளம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திதான், உப்பளம் தொழிற்சாலைதான் என்று தீர்ப்புச் சொன்னது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு குடிதண்ணீரையும், 19ஆம் பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையையும் கட்டாயமாக்கியிருந்தது. ஆக, உப்பு வாருகிறவர்களுக்கு இந்த இரண்டும் உரிமை என்பது சட்டத்தில் எழுதியாகி அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. பல அளங்களுக்கு அவை இன்னும் வந்து சேரவில்லை.